கொட்டகலையில் எழுதிய வலப்பக்கங்கள்

கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கியபோது என் கோபத்தைத் தவிர வேறு எதுவும் என்னிடம் சூடாக இல்லை. கும்பகோணத்து மே மாத வெயிலில் வெந்து கிடந்தவளுக்கு இங்கே பல் கிட்டிப்போயிற்று. தம்பி சபாபதி கடிதத்தில் “கொஞ்சம் குளிரும்” என்று எழுதியிருந்தான். எதையுமே குறைத்துச் சொல்வது அவன் சுபாவம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் “ஒரு சின்ன வேலை கிடைத்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு இலங்கைக்குக் கப்பலேறியவன் அவன். அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவே இல்லை.

இப்போது அவன் பிளாட்பாரத்தில் குடையோடு நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. அவன் பின்னால், அவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கைகள் வெளியே தெரியாமல் ஒரு பெண் குழந்தை நின்றது. ஏழு வயது. பெயர் தனலட்சுமி, தனம் என்று கூப்பிடுவார்கள். நான் வந்ததே இந்தத் தனத்தை அழைத்துக்கொண்டு போகத்தான்.

“வாங்கக்கா. பயணம் நல்லா இருந்துச்சுங்களா?” என்றான் சபாபதி. ஊரில் என்னை ‘நீ’ என்று சொல்லி, தலையில் குட்டும் வாங்கிக்கொண்டு திரிந்தவன். இந்த மரியாதை எனக்கு என்னவோ போலிருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சபாபதி ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அங்கேயே கொழுந்து பறிக்கும் முத்தம்மா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஆதரித்தும் ஒரு வார்த்தை எழுதவில்லை. போன வருஷம் முத்தம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. “அக்கா, தனத்தை நீங்கள் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது.” படித்த அன்றைக்கே பாத்திரக் கடைக்குப் போய்ச் சின்னத் தட்டு ஒன்று வாங்கினேன்.

ஒரு காலத்தில் பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லாமல் போய்வந்த ஊர் இது. சுதந்திரம் வந்ததும் அதெல்லாம் மாறிவிட்டது. சபாபதி தனக்கும் மகளுக்கும் இங்கே குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தான். பிள்ளை அக்கரைக்குப் போய்விட்டால் மனுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள், பிறகு திரும்பி வருவது நடக்காத காரியம் என்று வழியில் சந்தித்த எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். கேட்காமலேயே சொன்னார்கள்.

ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு லாரியில் போனோம். லாரி என்றால் உர லாரி. டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் ஒரு ஆட்டுக்கிடா ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் எனக்கு மூட்டைமேல்தான் இடம். ஒவ்வொரு வளைவிலும் தனம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விழுந்துவிடாமல் இருக்க என்று நினைத்தேன். நான் விழுந்துவிடாமல் இருக்க என்று பிறகு தெரிந்தது.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு அறைகள். அறையைக் காம்பரா என்கிறார்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே நீள வராந்தா. கடைசிக் காம்பரா தம்பியுடையது. வந்ததும் தனம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. மலை முழுக்கத் தேயிலையை வைத்துக்கொண்டு இவர்கள் குடிப்பது தூசித் தூள். காபி குடித்து வளர்ந்த நாக்கு எனக்கு; முகம் கோணியிருக்க வேண்டும். தனம் என் உள்ளங்கையைப் பிரித்து அதில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்தாள்.

“இத நக்கிட்டு ஒரு மடக்கு குடிங்க அத்தை. ஒண்ணாக் கலந்தா சீனி சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றாள்.

ஐந்து நிமிஷத்தில் நான் கை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். என் மாணவிகள் பார்த்திருந்தால் அந்த வருஷம் முழுக்கச் சிரித்திருப்பார்கள்.

என் மாணவிகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். நான் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. பல வருஷமாகத் தினமும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். இடப்பக்கம் நடந்ததை எழுதுவேன். வலப்பக்கம் மனசில் பட்டதை எழுதவேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. ஒரு பெண் தைத்த துணியை வாங்கினால் முதலில் திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். தையலின் யோக்கியதை அங்கேதான் தெரியும். அந்தப் புத்தியில் வைத்த விதி. ஆனால் ஊரில் என் வலப்பக்கங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். “விசேஷம் ஒன்றுமில்லை” என்று எழுதி மூடிவிடுவேன். எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கமும் எனக்குக் கிடையாது.

கொட்டகலையில் என்னவோ வலப்பக்கம் நிரம்ப ஆரம்பித்தது.

முதல் நாள் சாயங்காலம் நான் கொண்டுவந்த பொடியில் ரசம் வைத்து அப்பளம் சுட்டேன். தட்டைப் போட்டுக் கூப்பிட்டால் பிள்ளையைக் காணோம். மூன்றாம் காம்பராவில் தன் தகரத் தட்டோடு உட்கார்ந்து ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் சைவம். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் படுத்தவளிடம் அந்த வாசனை அப்படியே இருந்தது. இடப்பக்கத்தில் எழுதினேன்: “தனம், மூன்றாம் காம்பரா, கருவாடு.” வலப்பக்கத்தில் எழுதினேன்: “தாயில்லாப் பிள்ளை வாசல் வாசலாகத் தட்டேந்துகிறது. என் வீட்டில் இது நடக்காது.”

மறுநாள் விடியுமுன் தப்படித்து எழுப்பினார்கள். தினமும் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அதற்கு அழைக்கிற சத்தம் அது. தலையில் கம்பளியைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் பனிக்குள் போனார்கள். எங்கள் ஊரில் கோயில் மணிக்கு எழுந்திருப்பவர்கள் குளித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இவர்கள் வேலையிலேயே நனைந்துவிடுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். என் தம்பி ஒரு மூலையில் வாய்ப்பாடும் இன்னொரு மூலையில் ஆத்திசூடி வயசுக் குழந்தைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இவன் இங்கே என்ன பாடுபடுகிறான் என்றும் இருந்தது. மத்தியானம் தனம் ஐந்தாம் காம்பராவில் சாப்பிட்டாள். அதையும் எழுதினேன். தம்பியிடம் சத்தமும் போட்டேன். அவன் சிரித்து மழுப்பினான்.

மூன்றாம் நாள் இருளாயியோடு மலைக்குப் போனேன். இருளாயி இறந்துபோன முத்தம்மாவின் அக்கா, தனத்துக்குப் பெரியம்மா, மூன்றாம் காம்பராக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். அதிகம் பேசமாட்டாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை; கீழிருந்து மேலே பறித்துக்கொண்டே ஏறவேண்டும். அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற என் கணுக்காலில் இரண்டு அட்டைகள் நிதானமாக விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் மலையே சிரித்தது. இருளாயி மட்டும் சிரிக்காமல் வந்து, இடுப்பிலிருந்து ஒரு துண்டுச் சவுக்காரத்தை எடுத்துத் தேய்த்து அட்டைகளை விழவைத்தாள். பிறகு ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவளிடம் எனக்கு நன்றிதான் வந்திருக்கவேண்டும். வலப்பக்கத்தில் எழுதியது வேறு: “இவள்தான் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறாள்.”

நான்காம் நாள் நுவரெலியா. தனத்தின் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கவேண்டும். பாதி வழியில் ஒரு வளைவில் பஸ்ஸுக்கு உடம்பு கொதித்து, மூக்கிலிருந்து ஆவி விட்டது. எல்லோரும் இறங்கினோம். டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். பயணிகள் ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் பஸ் கம்பெனியின் பூர்வோத்தரம் முழுக்க வெளியே வந்திருக்கும். பீன்ஸ் மூட்டையோடு வந்த ஒரு சிங்கள அம்மாள் மூட்டைமேல் எனக்கும் இடம் கொடுத்தார். தனத்திடம் என்னவோ கேட்டார். அவளும் சிங்களத்தில் மளமளவென்று பதில் சொன்னாள்.

என்ன கேட்டார் என்றேன். “நீங்கதான் எங்க அம்மாவான்னு கேட்டாங்க. இல்ல, எங்க அத்தை, இந்தியாவுலேர்ந்து வந்திருக்காங்கன்னு சொன்னேன்” என்றாள். அந்த அம்மாள் மறுபடியும் ஏதோ சொல்லி என் கையைத் தட்டினார். அதையும் தனம் தமிழாக்கினாள். “அம்மா மாதிரியேதான் கையப் புடிச்சிருக்காங்கன்னு சொல்றாங்க.”

பஸ் கிளம்பி நுவரெலியா போய்ச் சேரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.

நுவரெலியா சந்தையில் முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் என் தலையைவிடப் பெரிது. துரைமார் வீட்டுப் பூக்களெல்லாம் கடைவாசலில் நின்றன. வெந்நீரில் பிஸ்கட்டை நனைத்ததுபோல ஒரு சூப் குடித்தோம். போட்டோக் கடையில் தனத்தை ஸ்டூலில் உட்காரவைத்து ரிப்பனைச் சரிசெய்தேன். அப்போது அவள் கேட்டாள்: “அத்தை, இந்தப் போட்டோவக் காட்டுனா திரும்பி வர விடுவாங்களா?” போட்டோக்காரர் அசையாதே என்றார். அவள் அசையவில்லை.

ஐந்தாம் நாள் கொட்டகலைக் கடைத்தெருவில் அவளுக்குப் பயணத்துக்கு ஒரு கவுன் தைக்கத் துணி எடுத்தேன். கடைக்காரர் காசிம் நானா அரை கஜம் கூட்டியே வெட்டினார். வளர்கிற பிள்ளை, ஓரத்தை மடித்துவைத்துத் தையுங்கள், வருஷா வருஷம் பிரித்துவிடலாம் என்றார். தையல் டீச்சருக்கே தையல் சொல்கிறாரே என்று சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆறாம் நாள் நல்ல மழை. தம்பி பள்ளிக்கூடத்துக்கும் பெண்கள் மலைக்கும் போய்விட்டார்கள். பயணம் போகிற பிள்ளை என்று தனத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள்; எங்கேயோ ஒரு காம்பராவில் இருந்தாள். நான் துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அளவை இரண்டு நாள் முன்பு எடுத்து நோட்டில் குறித்துவைத்திருந்தேன். அதைத் தேடித்தான் புரட்டினேன். அளவைக் கண்டுபிடிக்குமுன் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

இடப்பக்கங்களில் தனம் சாப்பிட்ட கணக்கு இருந்தது. மூன்றாம் காம்பரா, ஐந்தாம் காம்பரா, முதல் காம்பரா, மறுபடியும் மூன்று, பிறகு ஆறு. பிச்சை என்று நினைத்துக்கொண்டு நானே என் கையால் எழுதியது. இப்போது வரிசையாகப் படித்தால் அதில் ஒரு வேளைகூடப் பட்டினி இல்லை. எந்த வீட்டிலும் யாரும் அவளை வாசலில் நிறுத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள், உட்காருகிறாள், சாப்பிடுகிறாள். என் வீட்டில் அவளுக்காக வாங்கிவைத்திருந்தது ஒரு தட்டு, ஒரு வாசல், நான் ஒருத்தி.

வலப்பக்கங்களைப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. “என் வீட்டில் இது நடக்காது.” “என் அறையில் அவளுக்கு ஜன்னல் பக்கம் பாய் போடலாம். இரவில் விழித்துக்கொண்டால் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்கும்.” “பள்ளிக்கூடம் விட்டு இருவரும் சேர்ந்து வரலாம்.” நுவரெலியா போன நாளில் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்: “பஸ்ஸில் வந்த அம்மாள் என்னைத் தனத்தின் அம்மா என்று நினைத்தார்.” அதே நாளின் இடப்பக்கத்தில் போட்டோக் கடையில் தனம் கேட்ட கேள்வியும் இருந்தது. அதற்கு நான் சொன்ன பதில் இல்லை. பதில் சொல்லாததால் எழுதவில்லை.

அவளுக்கு என்ன பிடிக்கும், வர இஷ்டமா, எதற்குப் பயப்படுகிறாள் என்று ஆறு நாளில் ஒரு வரி இல்லை. அவள் நல்லதற்குத்தான் வந்தேன் என்று கப்பலில் வந்த பேர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க நான்தான் இருந்தேன். எனக்குத் தனியாக இருந்து சலித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை ஒரு நாள்கூட எழுதவில்லை.

மத்தியானம் இருளாயி நனைந்து வந்தாள். தனத்தின் துணிகளைத் துவைத்து, அடுப்பின்மேல் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். பெட்டியில் வைக்க. எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் எல்லோரும் முறை வைத்துக்கொண்டா இவளுக்குச் சோறு போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“மொறையெல்லாம் யாரும் வெக்கலீங்க டீச்சர்” என்றாள். “மலையில கொழுந்து எடுக்கையில ஒருத்தி முடியாம உக்காந்துட்டா, அவ நிரைய அப்படியே விட்டுட்டுப் போக முடியுங்களா? ரெண்டு பக்கத்துக்காரியும் அதையும் சேத்து எடுத்துக்கிட்டே போவோம். இது எங்க முத்தம்மா நிரைங்க.”

நான் கூட்டிக்கொண்டு போகிறேனே, என்மேல் வருத்தம் இல்லையா என்று கேட்டேன். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். அத்தைக்கு உரிமை இருக்கிறது, நாங்கள் என்ன சொல்வது என்றாள். அதைச் சொல்லிவிட்டு, அழுவதை நான் பார்த்துவிடாதபடி மழைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் தம்பி வந்து குடையை மடக்குவதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் எனக்கு மனசு மாறிவிடும் என்று தெரியும். “நான் தனத்தைக் கூட்டிக்கிட்டுப் போகல, சபாபதி.”

அவன் பலகையில் உட்கார்ந்தான். பிள்ளை ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். பள்ளிக்கூடம், படிப்பு எல்லாம் வெறும் பேச்சு. எனக்கு வீட்டில் ஒரு துணை வேண்டியிருந்தது, அதற்காக உன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வந்தேன் என்று உடைத்துச் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

“எனக்குத் தெரியும்க்கா. அதுக்குத்தானே கூப்பிட்டேன்” என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “போன வருசம் ஒரு கடுதாசி போட்டீங்க. மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன், பால்காரி வந்து கதவத் தட்டினதுக்கப்புறந்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சேன்னு எழுதியிருந்தீங்க. இங்க முத்தம்மா போனப்போ மத்த ஏழு வீடும் வந்து எங்களத் தாங்கிப் புடிச்சிச்சு. ஒங்களுக்கு அங்க யாரு இருக்கா? எங்கிட்ட குடுக்கிறதுக்கு வேற என்னக்கா இருக்கு?”

அப்படி ஒரு வரி எழுதியதே எனக்கு நினைவில்லை. என் நோட்டில் அந்த மூன்று நாளுக்கு “விடுப்பு” என்று மட்டும்தான் இருக்கும். நான் எனக்குச் சொல்லாததைத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். அவனும் அதைப் படித்துவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்த ஒரே பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கத் துணிந்திருக்கிறான். பிள்ளையை யாராவது இப்படிக் கொடுப்பார்களா, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று திட்டினேன். திட்டத் திட்ட அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. “வாயை மூடு, அக்கா பேசறேன்ல” என்றேன். “நீ பேசு” என்றான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவனுக்கு ‘நீ’ ஆனேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் அழுதோம்.

அன்று இரவு இருளாயி, தம்பி, தனம் மூவரோடு நான்காவது ஆளாக இருளாயியின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். குழம்பை மட்டும் வேண்டாம் என்றேன். அவள் கேட்காமலே எனக்காகத் தனியாகத் தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்திருந்தாள்.

விசா முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் கவுனைத் தைத்து முடித்தேன். கூடவே லயத்தில் நான்கு பெண்களுக்கு ரவிக்கை வெட்டக் கற்றுக்கொடுத்தேன். வலப்பக்கத்தில் எழுத அவ்வளவாக ஒன்றும் இல்லை. நினைத்ததையெல்லாம் யாரிடமாவது வாயாலேயே சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். தனம் புதுக் கவுனில் வந்தாள். ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அவளை உட்காரவைத்து, போட்டோக் கடையில் அவள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அந்தப் போட்டோவைக் காட்டினாலும் திரும்பி வர விடமாட்டார்கள், அது தெரிந்தும் நான் சொல்லவில்லை, தப்பு என்றேன். அத்தை தனியாக இருக்கிறேன், அதனால்தான் உன்னைக் கூப்பிட வந்தேன் என்றும் சொன்னேன். ஒரு குழந்தையிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் யோசித்தாள். பெரியவர்களின் சிக்கலைத் தீர்த்துவைக்கிற முகத்தோடு சொன்னாள்: “அப்ப நீங்க இங்க வந்துருங்களேன் அத்தை. எங்க வீட்டுல எடம் பத்தாட்டி பெரியம்மா வீட்டுல படுத்துக்கலாம். அங்கயும் பத்தாட்டி அஞ்சாம் காம்பரா இருக்கு.”

“வர்றேன்” என்றேன். ரயில் நகர்ந்தது. புகையில் எல்லோர் முகமும் மறைந்து, தேயிலை மலைகள் இரண்டு பக்கமும் வந்து சூழ்ந்துகொண்ட பிறகு நோட்டை எடுத்தேன். இடப்பக்கத்தில் “தனத்திடம் வருகிறேன் என்று சொன்னேன்” என்று எழுதினேன். குழந்தையின் மனசு நோகக்கூடாதே என்று ஒப்புக்குச் சொன்னதாக வலப்பக்கத்தில் எழுதப்போனேன். பேனா நின்றுவிட்டது, ஏனென்றால் அது உண்மை இல்லை.